கிளெய்ம் போட்டால் கட்டுப்பணம் கூடுமா?
வீட்டுக் காப்புறுதி பற்றி ஒரு பாடம்



இம்முறை நமது பாடம் வீட்டுக் காப்புறுதி பற்றியது. "லயத்துல இருக்கிற நமக்கு இது எதுக்கு?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்று எல்லாரும் லயத்தில் இல்லை. 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை வங்கிக் கடன் எடுத்து டவுனுக்குப் பக்கத்தில் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, காலையில் மலைக்கு வந்து போகும் குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கி காப்புறுதியும் எடுக்கச் சொல்கிறது. அந்தப் பத்திரம் பல வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால் பிரிக்காமலே கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கச் செய்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஒரு தாயின் கதை

எங்கள் பகுதியில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய். மகன் பெயரில் வீட்டுக் கடன், மகன் பெயரில் காப்புறுதி. ஒரு ஐப்பசி மழையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து அடுப்படிச் சுவரையும் கூரையில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. அந்நேரம் அடுப்படியில் ஆள் இல்லாதது கடவுள் புண்ணியம்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார்: "கிளெய்ம் கிளெய்ம்னு போயிராதீங்க அக்கா. அடுத்த வருஷம் ரெட்டிப்பா கட்டச் சொல்லுவான். அப்புறம் பேங்குக்காரன் வீட்டையே எடுத்திருவான்." அந்தத் தாய் பயந்துபோனார். தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து, சீட்டையும் முன்கூட்டியே எடுத்து, 3,60,000 ரூபா செலவழித்துச் சுவரைக் கட்டி முடித்தார்.

ஆறு மாதம் கழித்து, பேத்தியின் பாடசாலைக் கடிதம் ஒன்றுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். மண்சரிவு அதில் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கம்பனிக்கு எழுதினோம். நட்டம் நடந்தவுடன் அறிவிக்கவில்லை, படம் இல்லை, எங்கள் ஆள் வந்து பார்க்குமுன் சுவர் கட்டியாகிவிட்டது, எனவே கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. பத்திரத்திலும் அப்படித்தான் நிபந்தனை இருந்தது. நாம் மேலே பேச வழியில்லை.

அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் கட்டுப்பணம் கூடியது. கிளெய்ம் போடாத அந்தத் தாய்க்கும் கூடியது. தோடு இன்னும் அடகுக் கடையில்தான்.

இந்தத் தவறில் எங்களுக்கும் பங்குண்டு. கடன் படிவம் நிரப்ப வந்தபோது கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினோமே தவிர, காப்புறுதி என்றால் என்ன என்று உட்கார வைத்துச் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறோம்.

கட்டுப்பணம் எப்படி வருகிறது?

வீட்டுக் காப்புறுதி ஆயுள் காப்புறுதியைப் போன்றதல்ல. அது ஒரு வருட ஒப்பந்தம். வருடம் முடிந்ததும் கம்பனி புதிதாக யோசிக்கும்: இந்த வீட்டை மறுபடி எடுக்கலாமா, எவ்வளவு வாங்கலாம், என்ன நிபந்தனை போடலாம் என்று. அப்படி யோசிக்கும்போது பார்க்கும் விஷயங்கள் பல. வீடு எங்கே இருக்கிறது, சுவரும் கூரையும் எதனால் ஆனவை, எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி, பக்கத்தில் மண்மேடோ ஓடையோ உண்டா, முன்பு நட்டம் நடந்திருக்கிறதா. நாம் போட்ட கிளெய்ம் இவற்றில் ஒன்று. அது மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு.

ஒரு கணக்குப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நாம் போட்ட கணக்கு. உங்கள் பத்திரத்தில் எண்கள் வேறாக இருக்கும், வரியும் சேரும். வீட்டைத் திரும்பக் கட்ட 30 இலட்சம் ரூபா ஆகும் என்று வைப்போம். கம்பனி ஆயிரத்துக்கு 2 ரூபா கேட்கிறது. அப்படியானால் வருடத்துக்கு 6,000 ரூபா. இரண்டு வருடம் கிளெய்ம் இல்லாமல் போனதால் 20 வீதம் கழிவு கிடைக்கிறது. 1,200 ரூபா குறைந்து 4,800 ரூபா கட்டினால் போதும்.

இந்தக் கழிவைத்தான் 'நோ கிளெய்ம் போனஸ்' என்பார்கள். திரீவீலர் வைத்திருக்கும் தம்பிமாருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்று. வீட்டுக் காப்புறுதியில் எல்லாக் கம்பனியும் இதைக் கொடுப்பதில்லை. பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத கழிவை இழந்துவிடுவோம் என்று பயப்படுவதில் அர்த்தமில்லை.

கிளெய்ம் போட்டபின் என்ன நடக்கலாம்?

ஒன்று: கழிவு போகும். மேலே சொன்ன 1,200 ரூபா அடுத்த வருடம் கிடைக்காது. மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

இரண்டு: அடிப்படைத் தொகை கூடலாம். எத்தனை தடவை கிளெய்ம் போட்டோம், என்ன காரணம் என்பதைப் பொறுத்தது இது. பெரும் புயலில் ஒரு தடவை நடந்த நட்டம் வேறு. பழுதான வயரை மாற்றாமல் இரண்டு வருடத்தில் மூன்று தடவை மின்சாரம் ஒழுகி நெருப்புப் பிடித்தது வேறு. இரண்டாவது வகையைக் கண்டால் கம்பனி யோசிக்கும்.

மூன்று: நிபந்தனை வரலாம். கான் வெட்டு, மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டு, வயரிங்கை மாற்று என்று கேட்கலாம். சில நேரம் மண்சரிவை மட்டும் நீக்கிவிட்டுப் புதுப்பிக்கலாம். இதைக் கட்டாயம் வாசித்துப் பார்க்க வேண்டும். கட்டுப்பணம் கூடாமலே காப்புறுதி குறைந்துபோவது உண்டு.

நான்கு: இது பலருக்குத் தெரியாது. கிளெய்ம் கொடுத்தபின் அந்த வருடத்தின் மிச்ச நாளுக்குக் காப்புறுதித் தொகை குறைந்துவிடும். 30 இலட்சத்தில் 3,24,000 ரூபா வாங்கிவிட்டால், மிச்சம் 26,76,000 ரூபாவுக்குத்தான் பாதுகாப்பு. அதை மறுபடி 30 இலட்சமாக நிரப்பக் கொஞ்சம் காசு கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு 2 ரூபா கணக்கில் வருடத்துக்கு 648 ரூபா. ஆறு மாதம்தான் மிச்சமென்றால் 324 ரூபா. இவ்வளவு சின்னத் தொகைக்குப் பயந்து வீட்டை அரைகுறைப் பாதுகாப்பில் விட வேண்டாம்.

சின்ன நட்டமா, பெரிய நட்டமா?

எல்லா நட்டத்துக்கும் கிளெய்ம் போடு என்று நாம் சொல்லவில்லை. 'எக்ஸஸ்' என்று ஒன்று இருக்கிறது. நட்டத்தில் முதல் பங்கை நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும். நமது உதாரணப் பத்திரத்தில் அது நட்டத்தின் 10 வீதம், குறைந்தது 10,000 ரூபா என்று வைப்போம்.

சின்ன நட்டம்: காற்றில் நாலு தகரம் போனது. செலவு 14,000 ரூபா. எக்ஸஸ் 10,000 போக, கையில் வருவது 4,000 ரூபா. இதற்காக அடுத்த வருடம் 1,200 ரூபா கழிவு போகும். அதற்கடுத்த வருடம் கழிவு 10 வீதத்துக்குத்தான் திரும்பும் என்றால் இன்னும் 600 ரூபா போகும். மொத்தம் 1,800 ரூபா. டவுனுக்கு இரண்டு நாள் அலைந்தால் பஸ் காசும் இரண்டு நாள் பேரும் போகும். மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதற்குக் கிளெய்ம் போடாமல் நாமே தகரத்தைப் போட்டுக்கொள்வது நல்லது.

நடுத்தர நட்டம்: செலவு 40,000 ரூபா. எக்ஸஸ் போக 30,000 வரும். 1,800 ரூபாவும் அலைச்சலும் போனாலும் இது போடக்கூடிய கிளெய்ம்தான்.

பெரிய நட்டம்: நாம் மேலே சொன்ன தாயின் 3,60,000 ரூபா. எக்ஸஸ் 36,000 போக 3,24,000 ரூபா வந்திருக்கும். கழிவு முழுவதும் போய், அதற்கு மேல் கட்டுப்பணம் கால்வாசி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,200 உம் 1,500 உம் சேர்த்து 2,700 ரூபா. ஐந்து வருடம் அப்படியே கட்டினாலும் 13,500 ரூபா. பதின்மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பயந்து மூன்று இலட்சத்து இருபத்து நாலாயிரத்தை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் போட்டுக் காட்ட அன்று ஒருவரும் இருக்கவில்லை.

ஆகவே முடிவு இதுதான். கையிருப்பில் செய்துகொள்ளக் கூடிய சின்ன வேலைக்குக் கிளெய்ம் வேண்டாம். கடன் வாங்கினால்தான் செய்ய முடியும், நகை அடகு வைத்தால்தான் முடியும் என்ற நட்டத்துக்குக் கட்டாயம் கிளெய்ம் போட வேண்டும். அதற்காகத்தான் வருடா வருடம் கட்டுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. மண் சரிந்தபின் சுவரில் வெடிப்பு வந்தால் அதைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். இன்று நூல் போல இருப்பது அடுத்த மழைக்கு வாய் பிளக்கும். இப்படிப்பட்டதை உடனே அறிவித்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

பழைய கிளெய்மை மறைக்கக் கூடாது. புதுக் கம்பனிக்குப் போனால், முன்பு நட்டம் நடந்ததா, வேறு கம்பனி மறுத்ததா என்று படிவத்தில் கேட்கும். 'இல்லை' என்று பொய் எழுதினால் அன்றைக்குக் கட்டுப்பணம் குறையலாம். நாளை வீடு விழும்போது அந்தப் பொய்யைக் காட்டி முழுக் காப்புறுதியையும் செல்லாது என்று சொல்ல இடமிருக்கிறது. ஏஜன்டு நிரப்பிய படிவமென்றாலும் கையெழுத்து நம்முடையது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டுப்பணத்தைக் குறைக்கத் தொகையைக் குறைக்கக் கூடாது. 30 இலட்சம் பெறுமதியான வீட்டை 15 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 3,60,000 ரூபா நட்டத்துக்கும் பாதிதான், அதாவது 1,80,000 ரூபாதான் கணக்கில் எடுப்பார்கள். "பதினஞ்சு லட்சத்துக்குள்ளதானே நட்டம், முழுசா தரணும்" என்று வாதாட முடியாது.

நட்டத்தைப் பெருக்கிக் காட்டக் கூடாது. இல்லாத டீவியை எழுதினால் இருக்கிற சுவருக்கும் காசு கிடைக்காமல் போகும்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"நான் ஒரு தடவகூட கிளெய்ம் போட்டதில்ல ஐயா. எனக்கும் ஏன் கூட்டுனாங்க?"

நமது மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் பல சாவு விழுந்தால் சங்கத்தில் காசு குறையும். அடுத்த வருடம் சந்தாவை எல்லாருக்கும்தான் கூட்டுவோம், சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் அல்ல. காப்புறுதியும் அப்படித்தான். கம்பனியும் தன்னைப் பாதுகாக்க வெளிநாட்டுப் பெரிய கம்பனிகளிடம் காப்புறுதி செய்கிறது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் போன்ற ஒரு பேரழிவுக்குப் பின் அந்தச் செலவு கூடினால் அது நம் எல்லோர் தலையிலும்தான் வரும். நாம் கிளெய்ம் போடாமல் இருந்து அதைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு கம்பனியின் கட்டணமும் வேறு. எனவே புதுப்பிக்குமுன் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கடன் இருந்தால் வங்கியிடமும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

"கிளெய்ம் போட்டா பேங்க் வீட்டை எடுத்திருமா?"

இல்லை. கடன் தவணை கட்டாவிட்டால்தான் வங்கி கை வைக்கும். பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருப்பதால் நட்டஈட்டுக் காசு வங்கி வழியாக வரலாம். வீட்டைத் திருத்தத்தான் அந்தக் காசு என்று வங்கி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

"அரசாங்கம் குடுக்கிற அனர்த்தக் காசை வாங்குனா கட்டுப்பணம் கூடுமா?"

கூடாது. அது வேறு, நீங்கள் கட்டும் காப்புறுதி வேறு. கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்குப் பதிந்து உங்களுக்கு உரியதை வாங்குங்கள். ஆனால் வேறு இடத்தில் நட்டஈடு கிடைத்ததா என்று காப்புறுதிக் கம்பனி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

"நாங்க இன்னும் லயத்துலதான் இருக்கோம். எங்களுக்கு ஏதும் உண்டா?"

லயக் கட்டடம் உங்கள் சொத்து அல்ல. அதனால் கட்டடத்துக்கு உங்கள் பெயரில் காப்புறுதி செய்ய முடியாது. ஆனால் காம்பராவில் இருக்கும் டீவி, அலுமாரி, தையல் மெசின் போன்ற உங்கள் சாமான்களுக்குச் செய்யலாம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு முழு லயத்தையும் எரித்த சம்பவங்கள் நமக்குப் புதிதல்ல.

நட்டம் நடந்தால் உடனே

முதலில் ஆட்கள் வெளியே வர வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் மனிதரோடு புதைந்தன. உயிர் போனபின் எந்தப் பத்திரமும் உதவாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்து, போனில் படம் பிடியுங்கள். உள்ளே, வெளியே, பின்னால் எல்லாம். அன்றைக்கே கம்பனிக்குப் போன் பண்ணி இலக்கம் ஒன்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்திலும் அறிவியுங்கள். மேலும் சேதம் வராமல் படங்கு கட்டலாம், சாமான்களை நகர்த்தலாம். ஆனால் அவர்களின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சுவரைக் கட்டாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், மேசன் பாஸிடம் செலவுக் கணக்கு, வாங்கிய சாமானுக்கு பில் எல்லாம் ஒரு கவரில் சேருங்கள். பத்திரத்தின் ஒரு பிரதியை வேறு வீட்டில், உறவுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். வீடு போகும்போது பத்திரமும் போய்விடக் கூடாது.

கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனிக்கே முறைப்பாடு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் காசு இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்படி காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கடிதம் எழுத நாங்கள் உதவுவோம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

சாமிப்படத்துக்குப் பின்னாலிருக்கும் பத்திரத்தை எடுங்கள். ஐந்து விஷயம் பாருங்கள்: எவ்வளவு தொகைக்கு, மண்சரிவும் வெள்ளமும் புயலும் சேர்ந்திருக்கிறதா, எக்ஸஸ் எவ்வளவு, நோ கிளெய்ம் கழிவு உண்டா, எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இங்கிலிசில் இருந்து விளங்காவிட்டால் சம்பள நாளுக்கு அடுத்த நாள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் வாசித்துச் சொல்வதைப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

அந்தத் தாயைப் போன மாதம் மலையில் கண்டோம். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத்தான் தெரியாமப் போச்சுங்க ஐயா. மத்தவங்களுக்காவது சொல்லிருங்க." சொல்லிவிட்டோம். இனி நீங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.